சிறிய சிஎன்சி ரௌட்டர்: பூட்டுவது, அமைப்பது, அளவு ஏன் தவறுகிறது என்று கண்டறிவது

கணினியின் ஆணைப்படி மரத்தை வெட்டும் சிறிய சிஎன்சி ரௌட்டரைப் புதிதாகப் பூட்டி, அதனிடம் 100 மி.மீ. சதுரம் ஒன்றை வெட்டச் சொன்னால், பெரும்பாலும் அது 99.85 மி.மீ. சதுரத்தைத்தான் வெட்டித் தரும். உடனே கட்டுப்பாட்டுப் பலகையின் அமைப்புகளைத் திறந்து, ஒரு மில்லிமீட்டருக்கு மோட்டார் இத்தனை ஸ்டெப் (சிறு அடி) திரும்ப வேண்டும் என்று இருக்கும் எண்ணைச் சற்றே கூட்டிவிடக் கை துடிக்கும். கூட்டினால் அடுத்த சதுரம் சரியாகவே வரும்; தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கும். 20 மி.மீ. துளை இன்னும் சிறியதாகவே இருக்க, 300 மி.மீ. பலகையோ இப்போது அளவுக்கு மீறி நீண்டிருக்கும். என் முதல் இயந்திரத்தில் இப்படி மூன்று வாரங்கள் எண்களைக் கூட்டியும் குறைத்தும் அலைந்த பிறகு, குற்றம் நட்டில் இருந்த ஆட்டத்தில்தான் என்று தெரிந்தது. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே நோக்கில் செல்கிறது: பிழை எந்த வகையைச் சேர்ந்தது என்று அளந்து அறியும் வரை எந்த எண்ணையும் தொடாமல் இருப்பது.

இங்கே சொல்லப்படுபவை அலுமினியச் சட்டகம், சிறு சிறு அடிகளாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டார், சுழன்று தன்மேலுள்ள நட்டை நகர்த்தும் நீண்ட திருகுத்தண்டான லீட் ஸ்க்ரூ, மோட்டார்களை ஆளும் ஜிஆர்பிஎல் மென்பொருள் ஏற்றிய கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவற்றைக் கொண்ட மேசைமேல் இயந்திரங்களுக்கானவை. பெல்ட்டால் இயங்கும் இயந்திரங்களுக்கும் கணக்கை மட்டும் மாற்றிக்கொண்டால் பெரும்பகுதி பொருந்தும்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன்

சட்டகத்தின் திருகுகளை எல்லாம் அரைகுறையாக முடுக்கிய நிலையில், அதை நன்கு சமதளமான ஒரு பரப்பின் மேல் வையுங்கள். தடித்த கண்ணாடிப் பலகையோ கிரானைட் மேசையோ இருந்தால் நல்லது. நான்கு கால்களும் தளத்தில் படிந்திருக்கும்போதுதான் திருகுகளை முழுவதும் முடுக்க வேண்டும். ஒரு கால் தூக்கிக்கொண்டிருக்கும் நிலையில் முடுக்கினால் முறுக்கு சட்டகத்திலேயே தங்கிவிடும். அதை எந்த மென்பொருளாலும் எடுக்க முடியாது. பிறகு ஒரே மாதிரியான புள்ளிகளிலிருந்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் சட்டகம் செங்கோணத்தில் இருக்கிறது என்று பொருள். சிறிய மூலைமட்டத்தை ஒரு மூலையில் வைத்துப் பார்ப்பதைவிட இந்த அளவு நம்பகமானது, ஏனெனில் மூலைமட்டத்தின் குறுகிய கையில் கண்ணுக்குத் தெரியாத கோணப் பிழை 300 மி.மீ. தொலைவில் அரை மில்லிமீட்டராக வளர்ந்து நிற்கும்.

சக்கரங்களில் ஓடும் இயந்திரமாக இருந்தால், துளை மையம் விலகிய எக்சென்ட்ரிக் நட்டைத் திருப்பிச் சக்கரத்தின் அழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். வண்டியை (சட்டகத்தின் மேல் நகரும் பகுதியை) அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தை விரலால் உருட்டினால் அது சற்று முரண்டுபிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். எளிதாகச் சுழன்றால் அழுத்தம் போதாது, அசையவே மறுத்தால் அழுத்தம் மிகுதி.

லீட் ஸ்க்ரூவைப் பொருத்துவதில் பலர் அவசரப்படுகிறார்கள். நட்டைப் பிடிக்கும் திருகுகளைத் தளர்வாக விட்டு, வண்டியை மோட்டார் இருக்கும் முனைவரை கொண்டு சென்று அங்கே முடுக்குங்கள். பின்பு கையால் ஸ்க்ரூவைத் திருப்பி வண்டியை மறுமுனைக்கு நடத்துங்கள். நடுவில் இலகுவாகவும் முனைகளில் இறுக்கமாகவும் இருந்தால் ஸ்க்ரூ தண்டவாளத்துக்கு இணையாக இல்லை. பேரிங் தாங்கியைத் தளர்த்தி மீண்டும் அமைக்க வேண்டும். இந்த இறுக்கத்தை அப்படியே விட்டால், பின்னால் அது, ஆணையிட்ட அடிகளில் சிலவற்றை மோட்டார் விட்டுவிடும், ஸ்டெப் தவறும் நோயாக வேறு முகம் காட்டும்.

மோட்டார் தண்டையும் லீட் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கின் கிரப் ஸ்க்ரூக்களில் (தலையில்லாத சிறு திருகுகளில்) ஒன்றாவது மோட்டார் தண்டின் தட்டையான பக்கத்தில் அமர்ந்திருக்க வேண்டும். முடுக்கியதும் கப்ளிங்குக்கும் தண்டுக்கும் குறுக்கே மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஒரு மாதம் கழித்து ஏதோ நழுவுகிறது என்ற ஐயம் எழும்போது, அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும்.

கடைசியாக, மோட்டாரைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அது எந்த இடத்தில் பிறக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்க்ரூ அசையாமல் நட்டு மட்டும் அசைந்தால் குற்றம் நட்டில். ஸ்பிரிங் வைத்த ஆன்டி-பேக்லாஷ் நட்டு அதைக் குறைக்கும். ஸ்க்ரூவே நீளவாக்கில் அசைந்தால் குற்றம் பேரிங்கில் அல்லது கப்ளிங்கில். சுருள் வெட்டுடைய அலுமினியக் கப்ளிங்குகள் நீளவாக்கில் ஸ்பிரிங்கைப் போல நீண்டு சுருங்கும் என்பதால், ஸ்க்ரூவின் தள்ளுவிசையைக் கப்ளிங் தாங்கும்படி விடாமல், பேரிங்கின் இரு பக்கமும் காலர் (இறுக்கு வளையம்) வைத்துப் பூட்டுவதே முறை.

மோட்டாரும் டிரைவரும்

நான்கு கம்பி ஸ்டெப்பர் மோட்டாரில் இரண்டு சுருள்கள் இருக்கும். எந்த இரண்டு கம்பிகள் ஒரே சுருளைச் சேர்ந்தவை என்பதைக் கம்பியின் நிறத்தை நம்பி முடிவு செய்யக் கூடாது. இரண்டு கம்பிகளை ஒன்றாகத் தொட வைத்து மோட்டார் தண்டைக் கையால் திருப்புங்கள். திருப்பக் கடினமாக இருந்தால் அவை ஒரே சுருள். மின்சாரம் கொடுத்ததும் மோட்டார் உறுமிக்கொண்டு நின்ற இடத்திலேயே துடித்தால், பெரும்பாலும் இரண்டு சுருள்களின் கம்பிகள் கலந்திருக்கும் அல்லது ஒரு கம்பி பிடிப்பின்றி இருக்கும்.

மோட்டாரை இயக்கும் மின்சுற்றான டிரைவரின் மின்னோட்டத்தைச் சரியாக வைப்பது அடுத்த வேலை. ஏ4988 வகைச் சிறு டிரைவரில், அதன் மேல் இருக்கும் சிறு திருகின் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். அந்த அழுத்தம், வேண்டிய மின்னோட்டத்தை 8ஆலும், மின்னோட்டத்தை உணர டிரைவர் பலகையில் உள்ள உணர்தடையின் ஓம் மதிப்பாலும் பெருக்கினால் கிடைக்கும் எண்ணாகும். உணர்தடை 0.1 ஓம் என்றால் 1 ஆம்பியருக்கு 0.8 வோல்ட், அதுவே 0.05 ஓம் என்றால் 0.4 வோல்ட். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் பலகைகளில் வெவ்வேறு மதிப்புள்ள உணர்தடைகள் வருவதால், அதன்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்த பிறகே கணக்கிடுங்கள். டிஆர்வி8825 வகையில் உணர்தடை 0.1 ஓமாக இருந்தால் 1 ஆம்பியருக்கு 0.5 வோல்ட் போதும். மோட்டாரின் மேல் குறித்திருக்கும் அளவில் முக்கால் பங்கிலிருந்து தொடங்குவது என் வழக்கம். இந்த இரண்டு டிரைவர்களிலும் திருகு இருக்கும் பக்கம் ஒன்றுக்கொன்று எதிரானது; ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை அதே திசையில் செருகினால் அது எரிந்துபோகும். மின்சாரம் இருக்கும்போது மோட்டார் கம்பியைப் பிடுங்குவதும் டிரைவரைக் கொல்லும் இன்னொரு உறுதியான வழி.

அவசர நிறுத்தப் பொத்தானைப் பொருத்தாமல் முதல் ஓட்டத்தைத் தொடங்க வேண்டாம். அது மோட்டார்களின் மின்சாரத்தை மட்டுமல்லாமல் வெட்டும் பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் மின்சாரத்தையும் துண்டிக்க வேண்டும். நின்றுவிட்ட வண்டியில் சுழன்றுகொண்டே இருக்கும் பிட், ஒரே இடத்தில் மரத்தைத் தேய்த்துத் தீமூட்டக்கூடியது. சுழலும் கருவிக்கு அருகில் கையுறை அணியக் கூடாது. கண்ணாடியும், மரநார்ப் பலகையான எம்டிஎஃப் வெட்டும்போது தூசிக்கவசமும் அணிய வேண்டும்.

எண்களை அமைத்தல்

பலகையைக் கணினியோடு இணைத்து, 115200 பாட் வேகத்தில் தொடர்பு ஏற்படுத்தி, $$ என்று அனுப்பினால் எல்லா அமைப்புகளும் வரிசையாக வரும். மாற்றத் தொடங்குமுன் அந்தப் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்துவையுங்கள். இணைப்பே கிடைக்கவில்லை என்றால், யுஎஸ்பி சிப்புக்கான டிரைவர் மென்பொருள் நிறுவப்படாதிருப்பதும், தரவுக் கம்பிகளே இல்லாத, சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும் கேபிளைச் செருகியிருப்பதும் மிகப் பொதுவான காரணங்கள்.

$100, $101, $102 ஆகியவை மூன்று அச்சுகளிலும் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை ஸ்டெப் என்பதைக் குறிக்கின்றன. இவற்றைக் கணக்கிட்டே வைக்க வேண்டும், வெட்டிப் பார்த்து அல்ல. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். ஒவ்வொரு ஸ்டெப்பையும் டிரைவர் எத்தனையாகப் பிரிக்கிறது என்ற மைக்ரோஸ்டெப் எண் 16 என்றால் 3200. லீட் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தினால் 3200ஐ 8ஆல் வகுத்து 400. இங்கே ஒரு பொறி உண்டு: 8 மி.மீ. விட்டமுள்ள பொதுவான ஸ்க்ரூவில் அடுத்தடுத்த இரு மரைகளுக்கு இடையிலான தொலைவு 2 மி.மீ.தான், ஆனால் நான்கு மரைகள் ஒன்றாகச் சுற்றிச் செல்வதால் ஒரு சுற்றுக்கு நகர்வு 8 மி.மீ. ஒற்றை மரையுள்ள ஸ்க்ரூவும் வெளியிலிருந்து பார்க்க அப்படியே இருக்கும். ஆகவே கையால் ஒரு சுற்றுச் சுற்றி அளந்துவிடுங்கள். 2 மி.மீ. இடைவெளிப் பற்களும் 20 பல் கப்பியும் கொண்ட பெல்ட் ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. நகரும்; அதற்கு அந்த எண் 80. இயந்திரம் கேட்ட தொலைவைப்போல் இரு மடங்கோ, பாதியோ, கால் பங்கோ நகர்ந்தால், டிரைவரில் மைக்ரோஸ்டெப்பை அமைக்கும் சிறு இணைப்பான ஜம்பரோ இந்த மரைக் கணக்கோ தவறியிருக்கிறது. இத்தகைய முழு மடங்குப் பிழைகளை மட்டும் தயங்காமல் இங்கே திருத்தலாம்.

உச்ச வேகத்தை $110 முதல் $112 வரையும், முடுக்கத்தை $120 முதல் $122 வரையும் அமைக்கிறோம். வெறுங்காற்றில் வண்டியை ஓடவிட்டு, நிமிடத்துக்கு 500 மி.மீ. வீதம் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். மோட்டார் திணறி அலறும் வேகம் தெரிந்ததும் அதிலிருந்து கால் பங்கைக் குறைத்து எழுதுங்கள். முடுக்கத்துக்கும் அதே முறை. 8-பிட் பலகைகளில் இன்னொரு வரம்பும் உண்டு: அவை நொடிக்கு ஏறத்தாழ 30,000 ஸ்டெப்களுக்கு மேல் அனுப்ப இயலாதவை. மில்லிமீட்டருக்கு 400 ஸ்டெப் என்றால் அது நிமிடத்துக்கு 4500 மி.மீ.; மைக்ரோஸ்டெப்பை 32 ஆக்கினால் 2250 ஆகிவிடும். நுண்மை கூடும் என்று மைக்ரோஸ்டெப்பை ஏற்றிக்கொண்டே போவது, ஆட்டமுள்ள நட்டின் முன் பொருளற்றது.

நகரும் திசை தவறாக இருந்தால் $3 வழியாகத் தலைகீழாக்கலாம். வேலைப்பொருளைத் தாங்கும் பலகை அசைந்து ஸ்பிண்டில் நிற்கும் இயந்திரங்களில் இது குழப்பும். அச்சின் திசை எப்போதும் வேலைப்பொருளின் மேல் கருவி செல்லும் திசையையே குறிக்கிறது. எனவே ஒய் அச்சில் நேர்த்திசைக்கு ஆணையிட்டால் பலகை உங்களை நோக்கி வர வேண்டும். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் வெட்டப்பட்டால் இந்த இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

ஸ்பிண்டில் வேகத்தை நிரல் வழியாக ஆளும் இயந்திரத்தில் $30 என்ற எண், ஸ்பிண்டிலின் உண்மையான உச்ச வேகமாக இருக்க வேண்டும். அது 1000 என்றே விடப்பட்டிருந்தால், நீங்கள் 3000 என்று கேட்டாலும் 9000 என்று கேட்டாலும் ஸ்பிண்டில் முழு வேகத்தில்தான் சுழலும்.

அலாரம், ஹோமிங், மின் இரைச்சல்

ஹோமிங் (இயந்திரம் சுவிட்ச்சைத் தேடித் தொட்டுத் தன் இடத்தை அறிவது) தொடங்கி முடியாமல் நின்று, அலாரம் 9 வந்தால், தேடிய தொலைவுக்குள் அச்சின் முனையில் இருக்கும் லிமிட் சுவிட்ச் கிடைக்கவில்லை என்பது பொருள். $130 முதல் $132 வரையிலான நீள எண்கள் உண்மையான நீளத்தைவிட மிகச் சிறியவையாக இருக்கலாம், வண்டி சுவிட்ச்சுக்கு எதிர்த்திசையில் ஓடலாம், அல்லது சுவிட்ச் அழுந்துவதே பலகைக்குத் தெரியாமல் இருக்கலாம். அலாரம் 8 என்றால் சுவிட்ச் அழுந்திய பின் பின்வாங்கிய தொலைவு அதை விடுவிக்கப் போதவில்லை, அந்தத் தொலைவான $27ஐக் கூட்டுங்கள். இசட் அச்சு மட்டும் சுவிட்ச்சைக் கண்டுகொள்ளாவிட்டால், ஜிஆர்பிஎல்லின் பழைய 0.8 பதிப்புக்காக வரையப்பட்ட ஷீல்டில் (மேலே செருகும் துணைப் பலகையில்) 1.1 பதிப்பை ஏற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். புதிய பதிப்பில் ஸ்பிண்டில் வேகத்துக்கான பின் 11ஆம் எண்ணுக்கு வந்துவிட்டதால், இசட் சுவிட்ச் 12ஆம் எண்ணுக்கு மாறியிருக்கிறது. பலகையில் அச்சிட்டிருக்கும் பெயர் பழையதாகவே இருக்கும்.

பிழை 9 என்பது வேறு. அலாரம் நிலையில் பூட்டப்பட்டிருக்கும்போது நீங்கள் அனுப்பும் ஆணையை அது மறுக்கிறது. ஹோமிங் செய்தோ, டாலர் குறியும் எக்ஸ் எழுத்தும் அனுப்பியோ பூட்டைத் திறக்கலாம். ஆனால் ஓட்டத்தின் நடுவே லிமிட் சுவிட்ச் அழுந்தி அலாரம் 1 வந்திருந்தால், இயந்திரத்துக்குத் தன் இடம் தெரியாது என்றே கொள்ள வேண்டும். பூட்டை மட்டும் திறந்து வேலையைத் தொடர்ந்தால் அது வேறொரு புள்ளியை மூலமாகக் கொண்டு வெட்டும்.

வண்டி சுவிட்ச்சின் பக்கமே போகாதபோதும் அலாரம் 1 வந்தால் மின் இரைச்சலைச் சந்தேகிக்க வேண்டும். அதை உறுதிசெய்ய எளிய சோதனை உண்டு: ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டு அதே நிரலைக் காற்றில் ஓட்டுங்கள். அப்போது தொல்லை இல்லாமல், ஸ்பிண்டிலை இயக்கியதும் தொல்லை வந்தால் இரைச்சல்தான். கார்பன் பிரஷ் உள்ள ஸ்பிண்டில் மோட்டாரின் பொறிகள் லிமிட் சுவிட்ச் கம்பிகளை ஆன்டெனாவாக்கிவிடும். சுவிட்ச் கம்பிகளை ஸ்பிண்டில் கம்பியிலிருந்து விலக்கி, வலைக்கவசமுள்ள கேபிளாக மாற்றி, கவசத்தை ஒரு முனையில் மட்டும் தரையிணைப்பு செய்யுங்கள். பலகையின் அருகே சுவிட்ச் பின்னுக்கும் தரைக்கும் இடையில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைப்பதும், சுவிட்ச்சுகளை எப்போதும் மூடியிருக்கும் வகையாக்கி அதற்கேற்ப $5ஐ மாற்றுவதும் பலன் தருபவை. பிந்தையது ஒரு கம்பி அறுந்தாலும் உடனே காட்டிக்கொடுக்கும். யுஎஸ்பி இணைப்பு நடுவில் அறுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. தூசி உறிஞ்சும் பிளாஸ்டிக் குழாயில் சேரும் நிலைமின்சாரத்தையும் மறக்க வேண்டாம். குழாயின் உள்ளே ஒரு வெற்றுக் கம்பியை ஓடவிட்டுத் தரையிணைப்பு செய்த பிறகுதான் என் இயந்திரம் பாதி வேலையில் நிற்பதை விட்டது.

அளவுப் பிழையைப் பிரித்தறிதல்

20, 100 மி.மீ. பக்கமுள்ள இரண்டு சதுரக் கட்டிகளையும், அதே அளவுள்ள இரண்டு சதுரக் குழிகளையும், ஆக நான்கு வடிவங்களை ஒரே பலகையில் வெட்டுங்கள். பிசிறுகளை நீக்கிவிட்டு, எக்ஸ் வாக்கிலும் ஒய் வாக்கிலும் வெர்னியரால் அளந்து எழுதுங்கள். மூலைகளில் அல்லாமல் பக்கத்தின் நடுவில் அளக்க வேண்டும். கைக்கு ஒரு மணி நேர வேலை. ஆனால் எண்களைக் குத்துமதிப்பாக மாற்றி வீணாகும் நாட்களை அது மிச்சப்படுத்தும்.

கட்டி சிறுத்துக் குழி பெருத்திருந்தால், இரண்டிலும் மாறுபாடு ஒரே அளவாக இருந்தால், இயந்திரம் சரியாகவே நகர்ந்திருக்கிறது. நிரல் நினைப்பதைவிடப் பிட் அகலமாக வெட்டுகிறது. பிட்டின் உண்மையான விட்டம் வேறாக இருக்கலாம், அல்லது பிட்டைப் பிடிக்கும் கோலெட்டில் தூசி சேர்ந்து பிட் மையம் விலகிச் சுழலலாம். கோலெட்டைத் துடைத்துவிட்டு மீண்டும் வெட்டுங்கள்; மாறாவிட்டால், ஒரே ஓட்டமாக ஒரு காடி வெட்டி அதன் அகலத்தை அளந்து, அதையே பிட்டின் விட்டமாக நிரல் தயாரிக்கும் மென்பொருளில் கொடுங்கள்.

கட்டியும் குழியும் இரண்டுமே சிறுத்திருந்தால் அடுத்த கேள்வி: சிறியதிலும் பெரியதிலும் பிழை ஒன்றா, வேறா? 20 மி.மீ. சதுரம் 19.85 ஆகவும் 100 மி.மீ. சதுரம் 99.85 ஆகவும் இருந்தால், பிழை அளவைச் சார்ந்ததல்ல, மாறாத 0.15. அதுதான் பேக்லாஷ். வண்டி வலப்புறம் செல்லும்போது நட்டு மரையின் ஒரு முகத்திலும், இடப்புறம் செல்லும்போது மறு முகத்திலும் சாய்கிறது. இடையிலுள்ள வெற்றிடம் ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் ஒருமுறை கழிகிறது. வட்டங்களில் இது இன்னும் அழகாகத் தெரியும்: அச்சு திசை மாறும் நான்கு இடங்களிலும் சிறு தட்டையோ படியோ இருக்கும். இந்தப் பிழையை $100இல் திருத்தப் போனால், 100 மி.மீ.க்குக் கணக்கிட்டு 400ஐ 400.6 ஆக்குவோம். அப்போது 100 சரியாக வரும். 20 என்பது 19.88 ஆகவும், 300 என்பது 300.3 ஆகவும் வரும். தொடக்கத்தில் சொன்ன என் மூன்று வார அலைச்சல் இதுதான்.

பேக்லாஷை நேரடியாக அளக்க வண்டியின் பக்கத்தில், சிறு நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜ் ஒன்றை நிறுத்தி, ஒரே திசையில் 0.1 மி.மீ. வீதம் சில முறை நகர்த்தி முள்ளை அசைய வையுங்கள். பின் எதிர்த்திசையில் 0.1 வீதம் நகர்த்துங்கள். முள் அசையாமல் விழுங்கும் தொலைவே பேக்லாஷ். சாதாரண ஜிஆர்பிஎல் இதை ஈடுசெய்யாது. ஈடுசெய்யும் மென்பொருள்கள் இருந்தாலும், பிட் மரத்தை இழுக்கும்போது வண்டி அந்த வெற்றிடத்துக்குள் தாவுவதை எதனாலும் தடுக்க முடியாது. நட்டையும் பேரிங்கையும் சரிசெய்வதே மருந்து.

20இல் 0.03, 100இல் 0.15 என்று பிழை அளவோடு வளர்ந்தால் மட்டுமே அது விகிதப் பிழை. மில்லிமீட்டருக்கு இத்தனை ஸ்டெப் என்ற எண்ணைத் திருத்தத் தகுதியானது இது ஒன்றே. பெல்ட் இயந்திரங்களில் பெல்ட்டின் இழுவையால் இது உண்மையிலேயே வரும். ஸ்க்ரூ இயந்திரங்களில் அரிது. திருத்துவதாக இருந்தாலும் சதுரத்தைக் கொண்டு திருத்தாதீர்கள். இயந்திரம் செல்லக்கூடிய மிக நீண்ட தொலைவில், ஒரே திசையில் அணுகி, கூர்முனைப் பிட்டால் இரண்டு புள்ளிகளைக் குத்தி, நல்ல எஃகு அளவுகோலால் அளந்து கணக்கிடுங்கள்.

அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் சதுரத்தின் இரு மூலைவிட்டங்கள் வேறுபட்டால், ஸ்பிண்டிலைத் தாங்கும் குறுக்குப் பாலம் சாய்ந்திருக்கிறது. இரண்டு ஒய் மோட்டார்கள் இருந்தால், மின்சாரத்தை நிறுத்திப் பாலத்தை இரு பக்கமும் முனைத்தடுப்பில் ஒட்ட வைத்துவிட்டு மின்சாரம் கொடுங்கள். தடுப்புகள் சமமாக இருந்தால் பாலமும் நேராகும்.

ஸ்டெப் தவறுதல்

மேற்சொன்னவை எல்லாம் எத்தனை முறை வெட்டினாலும் ஒரே அளவில் திரும்ப வருபவை. நேரம் செல்லச் செல்ல வளரும் பிழை வேறு இனம். வேலை முடிந்து வண்டி மூலப்புள்ளிக்குத் திரும்பும்போது புறப்பட்ட இடத்தில் நிற்கவில்லை என்றால் ஸ்டெப் தவறியிருக்கிறது, அல்லது ஏதோ நழுவியிருக்கிறது. முதலில் கப்ளிங்கில் இழுத்த மார்க்கர் கோட்டைப் பாருங்கள். அது உடைந்திருந்தால் மேற்கொண்டு தேட வேண்டியதில்லை.

ஒரே இடத்தில் திடீரென ஒரு தாவல் தெரிந்தால், அந்த இடத்தில் பிட் அளவுக்கு மீறி ஆழமாகப் புகுந்திருக்கலாம், தண்டவாளத்தில் சீவல் சிக்கியிருக்கலாம், கேபிள் இழுபட்டிருக்கலாம். அரைமணி நேர ஓட்டத்துக்குப் பின்பே தவறத் தொடங்கினால் டிரைவர் சூடேறி மின்னோட்டத்தை அவ்வப்போது நிறுத்துகிறது. வெப்பத்தகடும் விசிறியும் தேவை. காற்றில்கூடத் தவறினால் வேகத்தையும் முடுக்கத்தையும் பாதியாக்கி மீண்டும் ஓட்டுங்கள்.

பாதியாக்கியும் தவறுகிறது, அதுவும் எப்போதும் ஒரே பக்கமாகவே நகர்கிறது என்றால், பலரும் கவனிக்காத ஒரு காரணம் இருக்கிறது. டிபி6600 போன்ற தனிப் பெட்டி டிரைவர்களில் ஸ்டெப் துடிப்பின் (ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஆணையிடும் மின்துடிப்பின்) மின்முனைகளை மாற்றி இணைத்தாலும் மோட்டார் ஓடும். ஆனால் டிரைவர் துடிப்பின் தவறான விளிம்பை எண்ணுவதால், திசை மாறும் தருணங்களில் ஒரு ஸ்டெப் தவறான பக்கத்தில் சேர்ந்துவிடுகிறது. நேர்க்கோடுகள் சரியாக வரும். நூற்றுக்கணக்கான திருப்பங்கள் உள்ள படச் செதுக்கல் மெல்ல மெல்லச் சாயும். பிழை வேகத்தைப் பொறுத்து மாறாமல் திருப்பங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து வளர்ந்தால், துடிப்பைத் தலைகீழாக்கும் $2ஐ மாற்றியோ கம்பிகளைத் திருத்தியோ பாருங்கள். துடிப்பு மிகக் குறுகியதாக இருந்தாலும் இத்தகைய டிரைவர்கள் தவறவிடும். துடிப்பின் நீளமான $0ஐ 10 மைக்ரோநொடிக்குக் குறையாமல் வைப்பது நல்லது.

ஸ்பிண்டிலை நிமிர்த்தி வெட்டத் தொடங்குதல்

ஸ்பிண்டில் பலகைக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால், பரப்பைச் சீவும்போது அடுத்தடுத்த ஓட்டங்களுக்கு இடையில் ஓடு வேய்ந்ததுபோல் சிறு படிகள் நகத்தில் இடறும். கோலெட்டில் வளைத்த தடித்த கம்பி ஒன்றைப் பூட்டி, அதன் முனை மையத்திலிருந்து ஏறக்குறைய 100 மி.மீ. தள்ளி நிற்கும்படி செய்து, ஸ்பிண்டிலைக் கையால் திருப்புங்கள். இட வலத்திலும் முன் பின்னிலும் முனைக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் ஸ்பிண்டில் தாங்கியின் திருகுகளுக்கு அடியில் மெல்லிய தகடு செருகித் திருத்தலாம். அடிப்பலகையைச் சீவிச் சமன்செய்வது இதற்குப் பிறகே. முன்பே சீவினால் சாய்வைப் பலகையில் பதித்துக்கொள்வதாகத்தான் முடியும்.

வெட்டும் வேகத்தைப் பொறுத்தவரை, ஒரு பல் ஒரு சுற்றில் எடுக்கும் சீவலின் தடிமனே கணக்கின் மூலம். சுழல்வேகத்தைப் பற்களின் எண்ணிக்கையாலும் அந்தத் தடிமனாலும் பெருக்கினால் நகரும் வேகம் வரும். 10,000 சுற்று, 2 பல், 0.05 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1000 மி.மீ. இயந்திரம் உடைந்துவிடுமோ என்ற அச்சத்தில் 200இல் ஓட்டுபவர்கள்தான் பிட்டை எரிக்கிறார்கள்: பல் மரத்தை வெட்டாமல் தேய்க்கிறது, சீவலுக்குப் பதில் மாவு வருகிறது, விளிம்பு கருகுகிறது. இயந்திரம் தளர்வானது என்றால் ஆழத்தைக் குறையுங்கள். பிட்டின் விட்டத்தில் பாதி ஆழத்தில் தொடங்கி, ஓசையைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இசட் மூலத்தை (உயரத்தின் தொடக்கப் புள்ளியை), பிட் தொட்டதும் சைகை தரும் தொடுதகட்டால் எடுத்தால், தகட்டின் தடிமனை வெர்னியரால் அளந்து கொடுங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். பிட்டை இறக்கத் தொடங்குமுன் தகட்டைக் கையால் பிட்டில் தொட்டு, திரையில் சைகை மாறுகிறதா என்று பார்த்துவிடுங்கள். பிட்டோடு இணைக்கும் கிளிப்பை மாட்ட மறந்தால் பிட் தகட்டைத் துளைக்கும் வரை இறங்கும்.

வெட்டு வேலையின் இறுதியை நோக்கி ஆழமாகிக்கொண்டே போனால், எல்லோரும் இசட் மோட்டார் ஸ்டெப் தவறுகிறது என்றுதான் எண்ணுவார்கள். ஓட்டங்களுக்கு இடையில் மோட்டாரின் பிடி தளர்ந்து ஸ்பிண்டில் தன் எடையால் இறங்கினால், $1ஐ 255 ஆக்கி மோட்டார்களை எப்போதும் பிடியில் வைக்கலாம். அதிலும் தீராவிட்டால் கோலெட்டைப் பாருங்கள். சீவலை மேல்நோக்கி இழுக்கும் சுருள் பிட், தளர்ந்த கோலெட்டிலிருந்து தன்னையே கீழே இழுத்துக்கொண்டு வந்துவிடும். வேலையைத் தொடங்குமுன், கோலெட் நட்டின் விளிம்பை ஒட்டிப் பிட்டின் தண்டில் மார்க்கரால் ஒரு வளையம் இட்டுவிடுங்கள். முடிந்த பின் அந்த வளையத்துக்கும் நட்டுக்கும் நடுவே பளபளப்பான எஃகு தெரிந்தால், கோலெட்டைத் துடைத்து இறுக்குங்கள், தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.